ஆய்வில் சேரக் கேட்டால் என்ன சொல்வது? திருகோணமலை வீடொன்றின் வரவு செலவுக் கணக்கு

அத்தான் துறைமுகப் பண்டகசாலை ஒன்றில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர். அவருக்கு நடுக்குவாதம் (பார்க்கின்சன் நோய்) வந்திருப்பதை முதலில் காட்டிக்கொடுத்தது கை நடுக்கம் அல்ல, எழுத்து. பால் கணக்குக் கொப்பியில் வரியின் தொடக்கத்தில் கடலை அளவில் இருந்த எழுத்து, வரி முடிவதற்குள் கடுகாகச் சுருங்கியது. அக்கா அதைச் சிக்கனம் என்று நினைத்திருந்தாள்.

ஆறு வருடமாக மாதாந்தக் கிளினிக், குளிசை, உட்துறைமுகப் பக்கம் மாலை நடை என்று போய்க்கொண்டிருந்த வீட்டில், போன மாதம் ஒரு பேச்சு கிளம்பியது. கிளினிக்கில் இருந்த இளம் வைத்தியர், “மூளை, நரம்பு நோய்கள் பற்றி ஆய்வுகள் நடக்கும்போது உங்களைப் போன்றவர்களிடம் சேர விருப்பமா என்று கேட்பார்கள், இப்போதே யோசித்து வையுங்கள்” என்று சொல்லிவிட்டார். அன்றிரவே வீடு மூன்று கட்சியாகப் பிரிந்தது. கொழும்பில் வேலை செய்யும் மருமகன், புது மருந்து நமக்கு முதலில் கிடைக்கும் என்றான். அக்கா, “அவரை எலியாக்க நான் விடமாட்டேன்” என்று அடுப்படிக்குள் போய்விட்டாள். கனடாவிலிருக்கும் மருமகள், பணம் கட்டினால் வெளிநாட்டில் ஸ்டெம் செல் ஊசி போடும் இடமொன்றின் காணொளியை அனுப்பினாள். அத்தான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “தம்பி, வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வா. பிறகு பேசுவோம்.”

எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, ஆய்வு என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றோடொன்று உறவே இல்லாத விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தோம் என்று. மருந்தைக் கொடுத்துப் பார்க்கும் சோதனை ஒன்று. எதையும் கொடுக்காமல் இரத்தம் எடுத்து, நடையை அளந்து, வருடக்கணக்கில் கவனிக்கும் ஆய்வு வேறொன்று. இரண்டிலும் சேராமல் கிளினிக் சிகிச்சையை ஒழுங்காகத் தொடர்வதும் ஒரு தெரிவுதான், அதை யாரும் தெரிவாக மதிப்பதில்லை. மருமகள் அனுப்பியதை எந்தப் பத்தியில் போடுவது என்று கடைசியில் சொல்கிறேன்.

மருந்துச் சோதனையிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் சண்டை அங்கேதான். மருமகனின் நினைப்பில் ஒரு பிழை இருக்கிறது. புது மருந்து என்றால் நல்ல மருந்து என்று அவன் எடுத்துக்கொள்கிறான். நல்லதா என்பது யாருக்கும் தெரியாததால்தான் சோதனையே நடக்கிறது. எக்ஸனடைடு என்ற மருந்தின் கதையை அவனுக்குச் சொன்னேன். நீரிழிவுக்காக வாரம் ஒருமுறை போடும் ஊசி அது. இலண்டனில் 62 நடுக்குவாத நோயாளிகளிடம் அதைச் சோதித்த முடிவுகள் 2017இல் வெளியாயின. ஊசி பெற்றவர்களின் அசைவு, போலி ஊசி பெற்றவர்களின் அசைவைவிடச் சற்று மேலாக இருந்தது. உலகெங்கும் செய்தி, எங்கள் வட்சப் குழுவிலும் செய்தி. பிறகு இன்னும் பெரிதாக, 194 பேருடன், 96 வாரம் நடத்தினார்கள். 2025இல் வந்த முடிவில் இரு பக்கத்துக்கும் வித்தியாசம் எதுவும் இல்லை. கிட்டத்தட்ட இரண்டு வருடம் வாரந்தோறும் ஊசி போட்டுக்கொண்டவர்கள், அதில் பாதிப்பேருக்கு ஊசிக்குள் மருந்தே இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் கிரியேட்டின் என்ற சத்துப்பொருளை 1,741 பேரிடம் வருடக்கணக்கில் சோதித்துவிட்டு, பயனில்லை என்று இடையிலேயே நிறுத்தினார்கள். நோயின் ஓட்டத்தையே மெதுவாக்கும் மருந்து என்று தொடங்கிய சோதனைகளில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான்.

இதைக் கேட்டதும் அக்கா அடுப்படியிலிருந்து, “நான் சொன்னேனே” என்றாள். அவளுடைய கணக்கிலும் பிழை இருக்கிறது. அத்தான் இன்று விழுங்கும் குளிசையே அப்படி முன்வந்தவர்களின் தயவில் வந்தது. ஒரு சின்ன உதாரணம். குளிசையை முந்தித் தொடங்கினால் அதன் பலம் முந்தியே தீர்ந்துவிடும், தள்ளிப்போடு என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்கிறார்கள். அக்காவின் சிநேகிதி ஒருத்தி தன் தகப்பனுக்கு ஒரு வருடம் குளிசை கொடுக்காமலே வைத்திருந்தாள், மனுஷன் சட்டைப் பொத்தான் பூட்ட முடியாமல் தவித்தார். இந்த வாதம் உண்மையா என்று நெதர்லாந்தில் 445 நோயாளிகளிடம் பார்த்தார்கள். ஒரு பகுதியினர் லெவோடோபாவை, அதாவது அத்தான் விழுங்கும் அதே குளிசை மருந்தை, உடனே தொடங்கினர், மற்றப் பகுதியினர் 40 வாரம் கழித்து. 80 வாரத்தின் முடிவில் இரு தரப்பும் ஒன்றுபோலவே இருந்தார்கள். முந்தித் தொடங்கியதால் நோய் தாமதப்படவும் இல்லை, கெடுதி வரவும் இல்லை. 2019இல் வந்த முடிவு அது. தவிக்கும் ஒருவருக்குக் குளிசையை மறுத்து வைக்க நியாயம் இல்லை என்று வைத்தியர் இன்று தைரியமாகச் சொல்கிறார் என்றால், முகம் தெரியாத அந்த 445 பேர்தான் காரணம். அவர்களுடைய வீட்டிலும் ஓர் அக்கா அடுப்படிக்குள் போயிருப்பாள்.

ஆகவே சோதனை என்பது நமக்கு வரவு தரும் இடம் அல்ல, நாம் கொடுக்கும் இடம். அதை ஏற்றுக்கொண்டவர் சேரலாம், குணமாகிவிடலாம் என்று நம்புகிறவர் சேரக்கூடாது. என் தீர்ப்பு இவ்வளவுதான்.

போலி மருந்தைப் பற்றி அத்தானே கேட்டார். “சும்மா மாவைக் கொடுத்து ஏமாற்றுவார்களா?” ஏமாற்றமாட்டார்கள். இரண்டில் ஒன்று கிடைக்கும், எது என்று உங்களுக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது என்பதைச் சம்மதப் படிவத்திலேயே எழுதிக் காட்டவேண்டும். நடுக்குவாதத்தில் இது ஏன் கட்டாயமாகிறது என்பது வியப்பான விஷயம். மருந்து கிடைக்கப்போகிறது என்ற எதிர்பார்ப்பே இந்த நோயாளிகளின் மூளையில், அசைவுக்கு வேண்டிய, இந்த நோயில் குறைந்துபோகும் டோபமைன் என்ற இரசாயனத்தை உண்மையாகவே சுரக்கவைக்கிறது, 2001இல் படம்பிடித்தே காட்டினார்கள். அதே வருடம் வெளியான இன்னோர் ஆய்வில், கருவின் மூளை உயிரணுக்களை மாற்றிவைக்கும் அறுவைச் சிகிச்சையைச் சோதிக்க 40 பேரைச் சேர்த்தார்கள். பாதிப்பேருக்கு மண்டையோட்டில் துளை மட்டும் போட்டு, உள்ளே எதையும் வைக்கவில்லை. பின்னர் விசாரித்தபோது, உயிரணு கிடைத்தது என்று நம்பியவர்கள், கிடைக்காதவர்களாக இருந்தாலும், தங்கள் வாழ்க்கை மேம்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். உண்மையாகவே கிடைத்தவர்களில் சிலருக்குப் பிற்காலத்தில் அடக்கமுடியாத உடல் நெளிவு வந்தது. துளை போட்டதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் அந்தத் துளைகள் இல்லாவிட்டால் அந்த நம்பிக்கையை விற்றுக்கொண்டே இருந்திருப்பார்கள் என்பதும் உண்மை.

இனித் தூரம். கொழும்புக்காரர்கள் எழுதும் அறிவுரைகளில் இது வருவதே இல்லை, எங்கள் கணக்கிலோ மிகப் பெரிய செலவு இதுதான். திருகோணமலையிலிருந்து கொழும்பு சுமார் 260 கிலோமீற்றர். பஸ்ஸில் ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று அரை நாள், அல்லது இரவு மெயில் ரயிலில் கல்லோயாச் சந்தியில் பாதித் தூக்கம். நடுக்குவாதச் சோதனைகளில் பலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. நோயின் உண்மையான அளவைப் பார்ப்பதற்காக, இரவு முதல், வழக்கமாக 12 மணிநேரம், குளிசை எடுக்காமல் காலையில் வரச் சொல்வார்கள். கொழும்பில் இருப்பவருக்கு அது ஒரு கஷ்டமான காலை, அவ்வளவுதான். எங்களுக்கு? குளிசை இல்லாத அத்தான் என்றால் பாலையூற்றிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகும் ஆட்டோவுக்குள் ஏறவே பத்து நிமிடம். அதே நிலையில் இரவு முழுவதும் ரயில், ஆடும் பெட்டியில் கழிப்பறை, விடிவதற்குள் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கிப் படியேறுவது. இந்த நோயில் வருவதுபோல் கால் திடீரென ஒட்டிக்கொண்டு அவர் உறைந்து நின்றால் பின்னால் வருகிற கூட்டம் நிற்காது.

முதல் நாளே போய் மருமகனின் அறையில் தங்கினால் இதைச் சமாளிக்கலாம். அது மருமகன் அந்த அறையில் இருக்கும்வரைதான், அவனுடைய விசா விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று அவன் யாருக்கும் சொல்வதில்லை. வருடத்தில் எட்டுத் தடவை கூப்பிடுவார்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்து, போக எட்டு, வர எட்டு, பதினாறு டிக்கெட் என்று செலவுப் பக்கத்தில் எழுதினேன். பயணச் செலவை ஆய்வு நடத்துகிறவர்கள் கொடுப்பார்களா என்பது முதலில் கேட்கவேண்டிய கேள்வி. கேட்க வெட்கப்படத் தேவையில்லை.

மற்றக் கேள்விகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இலங்கையில் மருத்துவச் சோதனைகளைப் பதிவு செய்ய இலங்கை மருத்துவச் சங்கம் 2006 முதல் ஒரு பதிவேடு நடத்துகிறது. எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம், ஒவ்வொரு சோதனைக்கும் வருடத்தோடு ஓர் எண் இருக்கும். அந்த எண்ணைக் கேளுங்கள். எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது என்று கேளுங்கள். மருந்துச் சோதனையானால், 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதியும் வேண்டும். படிவம் தமிழில் இல்லையென்றால், தமிழில் தரும்வரை பேனையை எடுக்காதீர்கள். ஒருவர் வாயால் மொழிபெயர்த்துச் சொல்வதைக் கேட்டுக் கையெழுத்திட்டு நாங்கள் வேறு விஷயங்களில் பட்டது போதும். பாதியில் விலகினால் கிளினிக் சிகிச்சை பாதிக்கப்படாது என்பது மனிதரிடம் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கு நெறி வகுத்த 1964இன் ஹெல்சிங்கிப் பிரகடனத்தின் வழிவந்த உரிமை, எவரும் இரங்கித் தரும் சலுகை அல்ல. மருந்து பலித்தால் சோதனை முடிந்த பிறகும் தருவார்களா என்ற கேள்வியைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். இரண்டு வருடம் நடக்கவைத்துவிட்டு மூன்றாம் வருடம் ஊன்றுகோலைப் பறித்தால் எப்படி?

இவ்வளவும் பேசி மூன்று கிழமை சண்டை போட்ட பிறகு ஒன்றைக் கண்டுபிடித்தேன். நோயை மெதுவாக்கும் மருந்துகளைத் தேடும் சோதனைகளில் பல, அண்மையில் நோய் கண்டறியப்பட்டவர்களையே, சில வேளை குளிசையே தொடங்காதவர்களையே கேட்கின்றன. அத்தானுக்கு 71 வயது, ஆறாவது வருடம். திறக்காத கதவுக்கு முன்னால் நின்று யார் முதலில் போவது என்று அடிபட்டிருக்கிறோம்.

கவனித்துப் பார்க்கும் ஆய்வுக்கு எங்கள் வீட்டில் ஒரு கட்சியும் இருக்கவில்லை. மருந்து இல்லை, எனவே ஆசையும் இல்லை, பயமும் இல்லை. நான் இதற்குத்தான் கூடுதல் புள்ளி போடுகிறேன். காரணம் ஆபிரிக்காவிலிருந்து வந்தது. நடுக்குவாதத்தின் மரபணுக்கள் பற்றிய அறிவில் பெரும்பங்கு ஐரோப்பியரின் இரத்தத்திலிருந்து பெற்றது. நைஜீரியர்களையும் ஆபிரிக்க வம்சாவளியினரையும் சேர்த்துப் பார்த்தபோது, ஜிபிஏ1 என்ற மரபணுவில், ஐரோப்பியரிடம் ஏறக்குறையக் காணப்படாத ஒரு மாற்றம் அங்கே பலரிடம் இருப்பதும், அது நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுவதும் 2023இல் தெரியவந்தது. அவர்கள் இரத்தம் கொடுக்கும்வரை அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. மறுபக்கமாக, வட ஆபிரிக்க அரபுகளிடமும் அஷ்கெனாசி யூதர்களிடமும் அடிக்கடி காணும் எல்ஆர்ஆர்கே2 என்ற இன்னொரு மரபணுவின் மாற்றமொன்று ஆசியாவில் அரிது. அப்படியானால் எங்கள் பக்கத்து மூதூரிலும் கிண்ணியாவிலும் சாம்பல்தீவிலும் இந்த நோயோடு இருப்பவர்களின் இரத்தத்தில் என்ன இருக்கிறது? எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

செலவுப் பக்கத்தில் ஒரு ஊசிக்குத்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லும் இரண்டு மணிநேரம். இரத்தக் குழாயைக் குளிர்ப்பெட்டியில் அனுப்பலாம், அத்தானை அனுப்பத் தேவையில்லை. இந்த ஒரு வசனத்துக்காகவே இந்தத் தெரிவு எங்களைப் போன்ற தூரத்து ஊர்களுக்குப் பொருந்துகிறது.

ஆனால் இதற்கும் ஒரு செலவு உண்டு, அதை அக்காதான் எழுதவைத்தாள். “பரம்பரை வருத்தம் என்று எழுதிவிட்டால் சின்னவளுக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்?” நான் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் இது சிரிக்கிற விஷயம் அல்ல. நடுக்குவாதம் பெரும்பாலானோருக்கு நேரடியான பரம்பரை நோய் அல்ல என்பது ஒரு பதில். அதைவிடப் பயனுள்ள பதில், படிவத்தில் இருக்கவேண்டிய மூன்று வரிகள்: பெயரை நீக்கி எண்ணாக வைப்பார்களா, முடிவை நாங்கள் கேட்காமல் சொல்லாமல் இருப்பார்களா, மிஞ்சிய இரத்தம் நாளை வேறு நாட்டுக்கு வேறு ஆய்வுக்குப் போகுமா. மூன்றாவது வரிக்குத் திருப்தியான பதில் கிடைக்காவிட்டால் நான் மறுத்துவிடுவேன்.

எதிலும் சேராமல் இருப்பதைச் சோம்பல் என்று நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஆறு வருடத்தில் கிடைத்த மிகப் பெரிய முன்னேற்றம் எந்தப் புது மருந்தாலும் வரவில்லை, குளிசையை மீன் சோற்றோடு விழுங்குவதை நிறுத்தியதால் வந்தது. மீனிலும் பருப்பிலும் உள்ள புரதமும் லெவோடோபாவும் குடலிலிருந்து உள்ளே போக ஒரே வாசலுக்கு அடிபடுகின்றன. மதியக் குளிசையைச் சாப்பாட்டுக்கு அரை மணிநேரம் முன்னால் தள்ளியதும் பின்னேர உறைவு குறைந்தது. விறாந்தை வாசலில் கால் ஒட்டிக்கொள்வதற்கு, இயன்மருத்துவர் தரையில் குறுக்குக் கோடுகள் போடச் சொன்னார். கண்ணுக்கு முன்னால் கோடு இருந்தால் உறைந்த கால் அதைத் தாண்டும், இதுவும் ஆய்வில் கண்டதுதான். அக்கா கோலமாவால் போட்டாள். முதல் மழைக்கு அழிந்தது, பிறகு வெள்ளைப் பூச்சு. இந்தப் பக்கத்தின் செலவு என்னவென்றால், மருந்து கிளினிக்கில் இருக்கும்வரைதான் எல்லாம் இலவசம். 2022இல் நாடு மருந்துத் தட்டுப்பாட்டில் தவித்தபோது பார்மசி பார்மசியாக அலைந்து பத்துப் பத்துக் குளிசையாக வாங்கிய நாட்களை இதில் எழுதாமல் விட்டால் கணக்குப் பொய்யாகிவிடும்.

சித்த வைத்தியம் எந்தப் பத்தியில் வரும் என்று பக்கத்து வீட்டு மாமா கேட்டார். கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் சித்த மருத்துவம் படிப்பிக்கும் ஊரில் இது நியாயமான கேள்வி. பூனைக்காலி என்ற மூலிகையின் விதையில் இருப்பது லெவோடோபாவேதான். 2004இல் 8 பேரிடமும் 2017இல் பொலிவியாவில் 18 பேரிடமும் அதைக் குளிசையோடு ஒப்பிட்டுப் பார்த்து, வேலை செய்கிறது என்று எழுதினார்கள். எண்ணிக்கை சிறிது, இருந்தாலும் கேலி செய்யும் விஷயம் இல்லை. டோபமைனின் கதையே ஒரு மூலிகையில்தான் தொடங்கியது. சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுத்த ரெசெர்பினைக் கொடுத்து முயல்களை அசையாமல் ஆக்கிவிட்டு, லெவோடோபா கொடுத்து எழுப்பிக் காட்டினார் ஆர்விட் கார்ல்சன், 1957இல். 2000இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பூனைக்காலியால் வரும் ஆபத்து, அதைக் குளிசையோடு சேர்த்து வைத்தியரிடம் சொல்லாமல் குடிப்பதில் இருக்கிறது. மருந்து இரட்டிப்பாகும், உடல் நெளியும். ஆய்வில் இருந்துகொண்டு அப்படிச் செய்தால் மற்ற எல்லோருடைய அளவீடும் கெடும்.

மருமகள் அனுப்பிய ஸ்டெம் செல் காணொளிக்கு இரண்டு வரி போதும். பங்குபற்றுகிறவரிடம் இலட்சக்கணக்கில் பணம் கேட்பது ஆய்வு அல்ல, விற்பனை. போலி ஊசிக் குழு இல்லாத இடத்தில் எல்லோருக்கும் கொஞ்ச நாள் சுகமாகத்தான் இருக்கும், ஏன் என்பதை மேலே சொல்லிவிட்டேன். மூளைக்குள் மின்கம்பி வைக்கும் சிகிச்சையை இதோடு குழப்பக்கூடாது, அது நடுக்குவாதத்துக்காக 2002இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்ற, பரிசோதனைக் கட்டத்தைத் தாண்டிய முறை.

ஆக நான் அத்தானுக்கு எழுதியது இது. கிளினிக் சிகிச்சையை முதலிலும், இரத்தம் கொடுக்கும் ஆய்வை அதோடு சேர்த்தும் வையுங்கள், இரண்டும் ஒன்றையொன்று தடுக்காது. மருந்துச் சோதனைக்கு அழைப்பு வந்தால், குளிசை இல்லாமல் கொழும்பில் விடியவேண்டும் என்று கேட்டால் மறுத்துவிடுங்கள், மட்டக்களப்பிலோ இங்கேயோ பார்ப்பார்கள் என்றால் மட்டும் யோசியுங்கள். நாற்பத்தைந்து வயதில், கொழும்பில் வீட்டோடு, போன மாதம் நோய் கண்டுபிடித்த ஒருவர் என்னிடம் கேட்டால் இதற்கு நேர்மாறாகச் சொல்வேன். அவர் சோதனையில் சேரட்டும்.

அத்தான் விறாந்தையில் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வரிவரியாகப் படித்தார். நைஜீரியாவில் ஒருமுறை நிறுத்தி, திரும்பவும் படித்தார். பிறகு பேனையைக் கேட்டார். அபிப்பிராயம் எழுதப்போகிறார் என்று நினைத்தேன். செலவுப் பக்கத்தில் நான் எழுதியிருந்த பதினாறை ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் 32 என்று எழுதினார். மூன்று கடுகு அளவுகூட இல்லை, கண்ணுக்குக் கிட்டப் பிடித்துத்தான் வாசிக்கவேண்டியிருந்தது.

“உன் அக்காவை யார் எண்ணுவது?” என்றார்.